புறுபுறுக்கத் தெரியாதவன்

நான் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவரின் கழுத்தில் வெயில் சுட்ட தோல் உரிந்து தொங்கியது நினைவிருக்கிறது. கூரையில் தேநீர் குடித்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்து எனக்குத் தெரிவது பேர்ண் வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டையில் ஓர் எரிவு, கழுத்தின் வலது பக்கத்தில் தோலோடு தைத்து வைத்திருந்த தடித்த குழாய்.

இடையில் நடந்தவற்றை மற்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். லண்டனில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நின்றுபோகும்வரை அதில் துணையாசிரியராக இருந்தவன் நான். அங்கே எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அப்படிச் சொல்வதால் எந்த இலாபமும் இல்லாதவரின் கதையை முதலில் போடுவேன். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

முதலில் நான் யார், ஏன் கூரைக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். மீசை அரும்பும் வயதில் லண்டன் போனேன். என் வாழ்வின் பெரும் பகுதி அங்கேதான் கழிந்தது. கையில் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. பத்திரிகை நின்ற பிறகு, மனைவி சுகந்தியின் சொந்தங்கள் இருக்கும், சுவிஸ் நாட்டின் பீல் நகரத்துக்கு வந்தோம். சுகந்தி சிறு வயதில் அங்கே வளர்ந்தவள். ஜெர்மனும் பிரெஞ்சும் தண்ணீர்பட்ட பாடு. வந்த கையோடு மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை எடுத்துவிட்டாள். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. தமிழில் தலைப்புப் போடத் தெரிந்தவனுக்கு பீலில் என்ன வேலை? ஆங்கிலத்தில் மட்டும் கதைத்து வேலை வாங்கும் ஓர் ஆள் ஊரில் இருந்தார். பெயர் கொலின். ஆங்கிலேயர். தட்டைக் கூரைகளுக்கு நீர்க்காப்புப் போடும் சிறிய கம்பனி வைத்திருக்கிறார். இருபது வருடமாக பீலில் இருக்கிறார். பேக்கரியில் பாண் வாங்குவதற்கு மேல் ஊர்மொழி வராது. ஆகவே அவரிடம் வேலை செய்பவர்கள் எல்லாரும் பிரித்தானியாவிலிருந்து வந்தவர்கள்.

வேலை இதுதான். தார் பூசிய தடித்த படலம் சுருளாக வரும். அதைக் கூரையில் விரித்து, அடிப்பக்கத்தைக் கேஸ் டோர்ச்சின் நெருப்பால் உருக்கி, காலால் அமத்தியபடி நகர வேண்டும். குளிர்காலத்தில் அது நல்ல வேலை. ஜூலையில் மேலே சூரியன், கையில் நெருப்பு, காலின் கீழே கறுப்புத் தார்.

பிரித்தானியர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைச் சில கோடைகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் வெயிலுக்கே சட்டையைக் கழற்றுவார்கள். முதுகு அவித்த இறால் நிறத்துக்கு வந்ததும் திரும்பப் போடுவார்கள். மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசுவார்கள். எந்தச் சூட்டிலும் தேர்மோஸில் பால் தேநீர் கொண்டுவருவார்கள். இவை ஒன்றும் அவர்களைக் காப்பாற்றுவதில்லை. அவர்களைக் காப்பாற்றுவது புறுபுறுப்பு, வாய் ஓயாத முணுமுணுப்பு.

இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்த டரன் இதில் ஒரு மேதை. காலை ஏணியில் ஏறும்போதே தொடங்குவார். "இது மனிசன் வேலை செய்யிற இடமா? நான் வெந்துகொண்டிருக்கிறன். என்னைத் தட்டில் போட்டு மேசைக்குக் கொண்டுபோங்கள்." அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை டோர்ச்சை அணைத்து வைத்துவிட்டு, உலகத்தில் உள்ள எல்லாரையும் ஏசியபடி கீழே நிழலுக்குப் போவார். ஒருவரும் அவரைத் தடுப்பதில்லை. காலநிலையைப் பற்றிப் புறுபுறுப்பது அவர்களிடையே சோம்பல் ஆகாது. அது நல்ல பழக்கம், மரியாதை, கிட்டத்தட்ட ஒரு வணக்கம்.

எனக்கு அது வரவில்லை. லண்டனில் அத்தனை வருடம் இருந்து குளிரைப் பற்றி அவர்களைப்போலவே புறுபுறுக்கப் பழகினேன். வெயிலைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவன் சுவிசில் நின்று "சுடுகுது" என்று சொல்வதா? அதைவிட வெட்கம் வேறில்லை. கொலினும் டரனும் எனக்கு அந்த வாய்ப்பைத் தரவும் இல்லை. கூரையின் தெற்குப் பக்கம், நாள் முழுக்க ஒரு துளி நிழல் விழாத பக்கம், முதல் கோடையிலேயே என்னுடையதாகிவிட்டது.

"நீ அதற்கென்றே செய்யப்பட்டவன், ரவி," என்பார் கொலின்.

"உனக்கு இது வீட்டுக்குப் போற மாதிரி," என்பார் டரன்.

சுகந்தியின் அண்ணன், நொஷாட்டலில் இருக்கும் என் மச்சான், அதையே தமிழில் சொல்வார். "வெள்ளையள் வாடி விழுவங்கள். எங்கடை ஆக்களுக்கு வெயில் என்ன செய்யும்?"

வெப்ப எச்சரிக்கை வந்த வாரத்தில் எங்களுக்கு ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் கூரை கிடைத்தது. சுகந்தி வேலை செய்யும் அதே தொழிற்சாலை. அவள் இரண்டு மாடி கீழே, வெள்ளை அங்கி போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிறிய சக்கரங்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் ஒரு மணி அடிக்கும். ஆட்கள் ஓடிவந்து திருத்துவார்கள். உலோகம் விரிந்துவிடும் என்பதற்காக. அவள் தலைக்கு மேல் என்னை அளக்க ஒரு மணியும் இருக்கவில்லை.

இனி டரன் சொன்னது. அவர் வைத்தியசாலைக்கு வந்து, என் கட்டிலின் பக்கத்தில் இருந்து, தொப்பியைக் கையில் கசக்கியபடி சொன்னார்.

"நீ டோர்ச்சை எரியவிட்டபடியே கீழே வைத்தாய். அப்படி நீ ஒருநாளும் செய்வதில்லை. என்ன மச்சி என்று கேட்டேன். என்னைப் பார்த்து உன் பாஷையில் ஏசினாய்."

"என்ன சொன்னேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லதாக இருக்கவில்லை. உன் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அந்தச் சூட்டில் உனக்குக் குளிர்ந்தது, ரவி. பிறகு கூரையின் விளிம்பை நோக்கி நடந்தாய். ஓடிவந்து உன் இடுப்புப்பட்டியைப் பிடித்தேன். அப்படியே மடிந்து விழுந்தாய்."

டரன் செய்த அடுத்த காரியம்தான் நான் இதை எழுத உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். கூரை வேலையில் ஒரு சோதனை உண்டு. போட்டு முடித்த பகுதியின் வடிகால்களை அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் அப்படியே விடுவோம்; கீழே கசிகிறதா என்று பார்ப்போம். அன்று லிப்ட் அறையின் நிழல் விழும் பக்கத்தில் அப்படி ஒரு குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. டரன் என்னை இழுத்துப்போய் அதற்குள் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்து, ஓடிக்கொண்டிருந்த குழாயை என் நெஞ்சிலும் கழுத்திலும் பிடித்திருக்கிறார். அம்புலன்ஸ் வரும்வரை அப்படியே.

கொலின் சொன்ன கதை வேறு. நான் தடுக்கி விழுந்தேனாம். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பேனாம். தமிழரிடம் விரதங்கள் உண்டு என்றாராம். டரன் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். தீயணைப்புப் படையினர் என்னை ஏணி வண்டியில் கீழே இறக்கிய பிறகு, கொலின் கூரைக்கு வந்து குளத்தைப் பார்த்திருக்கிறார். அடைப்பு விலகித் தண்ணீர் பாதி வடிந்திருந்தது. "இந்தச் சோதனையைத் திரும்பத் தொடங்க வேண்டும்" என்றாராம்.

அவர் அதைச் சொன்னார் என்று நான் நம்புகிறேன். டரனுக்கு அதில் ஒரு இலாபமும் இல்லை.

சுகந்தி யன்னலால் பார்த்தது சப்பாத்தை மட்டும்தான். மேலிருந்து இறங்கிய தூக்குப் படுக்கையின் முனையில் இரண்டு சப்பாத்து. ஒன்றில் கறுப்புக் கயிறு, மற்றதில் செம்மஞ்சள் கயிறு. முந்தின வாரம் அறுந்துபோன கயிற்றுக்குப் பதிலாகத் தன்னுடைய ஓட்டச் சப்பாத்திலிருந்து கழற்றித் தந்த கயிறு அது.

பீலிலிருந்து என்னை பேர்ணுக்கு மாற்றினார்கள். முதல் நாட்கள் மயக்க மருந்தில் போயின. விழித்த பிறகு ஒரு வைத்தியர், வட ஜெர்மனியைச் சேர்ந்த உயரமான பெண், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் நின்றபடி கதைக்கவில்லை என்பதை நன்றியோடு குறித்துக்கொண்டேன்.

எனக்கு வந்தது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பநிலை, காய்ச்சலில் ஏறுவதுபோல் இல்லாமல், கட்டுப்பாடே இல்லாமல் ஏறிவிடுவது. மூளை முதலில் குழம்பும்; ஏச்சும் நடையும் அதனால். பிறகு தசைகள். கடும் வேலையில் இருக்கும் தசை அந்தச் சூட்டில் உடையத் தொடங்கும். உடைந்த தசையின் உள்ளடக்கம் இரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்டப் போகும் சிறுநீரகம் அடைபடும்.

"சமையல் வடிகாலில் எண்ணெய் ஊற்றியது போலவா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட. ஆனால் வடிகாலை உடைத்துத் துப்புரவாக்க முடியும்."

என் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திவிட்டன. கழுத்துக் குழாய் இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப அனுப்புவதற்கு. சிறுநீரகங்கள் திரும்பி வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வரும் என்றார். பெரும்பாலும் என்றால்? "சிலருக்கு வருவதில்லை. காத்திருக்க வேண்டும். கட்டிலின் பக்கத்தில் தொங்கும், சிறுநீர் சேரும் பையைப் பாருங்கள். பதில் அதில் வரும்."

பையின் அடியில், பால் விடாத பிளேன் ரீ நிறத்தில், ஒரு முட்டைக்கோப்பை அளவுகூட இல்லை.

பிறகு அவர் தாளைப் புரட்டி, என் பிறந்த இடத்தைப் பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். "இலங்கை. அப்படியென்றால் நீங்கள் வெப்பத்துக்குப் பழகினவர் அல்லவா?"

நான் அவரையே பார்த்தேன். கேட்ட உடனேயே தன் பிழை விளங்கியிருக்க வேண்டும்; கன்னம் சிவந்தது. "மன்னிக்கவும். நானே மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்," என்றார். வெப்பத்துக்குப் பழகுவது பிறப்பில் வருவது இல்லை. உடல் அதை இரண்டு கிழமையில் பழகும். விட்டால் சில கிழமையில் மறக்கும். அதிகம் வியர்க்க, சீக்கிரம் வியர்க்க, உப்பைக் காப்பாற்ற அது பழகவேண்டும். ஒரு கோடை முழுவதும் கூரையில் நின்றவன் அடுத்த ஜூலையில் திரும்பவும் தொடக்கத்திலிருந்துதான் பழகவேண்டும். என் உடல் யாழ்ப்பாணத்தை மறந்தது நான் லண்டனில் இறங்கிய அந்த முதல் மாதத்தில். மற்ற எல்லாரும் அதை நினைவு வைத்திருந்தார்கள்.

பிறகு தொடங்கியது காத்திருப்பு. வாரத்தில் பல நாள் இயந்திரத்தோடு இணைப்பார்கள். இயந்திரம் மாவரைக்கும் கல் போல ஒரே சீரில் சுற்றும். குளிர் ஏறும்; பல் கிட்டும். தண்ணீர் இல்லாமல் விழுந்தவனுக்கு இப்போது தண்ணீர் தடை. சிறுநீர் போகாதவன் குடித்தால் அது நுரையீரலில் தேங்கும். நாளுக்கு இவ்வளவு என்று அளந்து, சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் தருவார்கள். மருந்து விழுங்கவே அதில் பாதி போய்விடும். பக்கத்துக் கட்டில்காரர் சோடாப் போத்தலைத் திறக்கும் ஓசை கேட்டால் அவரை எனக்குப் பிடிக்காமல் போகும். அவர் ஒரு நல்ல மனிதர். இருந்தும் பிடிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் வந்தார்கள். பார்க்க வருவதில் நாங்கள் குறை வைப்பதில்லை. மச்சான் நொஷாட்டலில் இருந்து ரயிலில் வந்தார். பேர்ண் கோயிலில் காணும் முகங்கள் வந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரே பொருள். இளநீர்ப் பெட்டி.

"உடம்பு சூடு ஏறித்தானே விழுந்தவர். இது குளிர்ச்சி. ஒரு மிடறு குடியுங்கோ," என்று மச்சான் பெட்டியில் ஸ்ட்ரோவைக் குத்தி என் வாயருகே நீட்டினார். நாவில் எச்சில் ஊறியது. அந்த நேரம் அபிராமி உள்ளே வந்திராவிட்டால் குடித்திருப்பேன்.

அபிராமி இங்கேயே பிறந்த பிள்ளை. அந்த வார்டில் தாதி. அவளுடைய தமிழ் வீட்டில் கேட்டுப் பழகினது. அவசரம் வந்தால் பேர்ண் ஜெர்மன் கலந்துவிடும். "அங்கிள், நைன், வேண்டாம்! வையுங்கோ அதை!" என்று கத்தியபடி ஓடிவந்து பெட்டியைப் பறித்தாள். "இதிலை பொட்டாசியம் கூட. கிட்னி வேலை செய்யாதவருக்கு இது குடுத்தா இதயம் நிண்டுடும்."

"பிள்ளை, இளநீர் குடிச்சு ஆரும் செத்திருக்கினமோ?" என்றார் மச்சான்.

"நீங்கள் இண்டைக்கு ஒராளை அனுப்பப் பாத்தனீங்கள்," என்றாள் அவள்.

பொட்டாசியம் நம் உடலில் இருக்க வேண்டிய உப்புத்தான். மிஞ்சினதைச் சிறுநீரகம் வெளியேற்றும். வெளியேற்ற ஆள் இல்லாதபோது அது தேங்கி இதயத் துடிப்பைக் குழப்பும். வாழைப்பழம், தோடம்பழச் சாறு, தக்காளி, உருளைக்கிழங்கு, இளநீர்: அன்போடு கொண்டுவரும் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. எங்கள் ஆட்களின் அன்பு கிட்டத்தட்ட முழுவதும் பொட்டாசியத்தால் ஆனது. என் கட்டிலின் கீழே இளநீர்ப் பெட்டிகள் சேர்ந்தன. அபிராமி அவற்றை வேலை முடிந்து போகும்போது தாதிமாரின் அறைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தாள்.

சுகந்தி ஒன்றும் கொண்டுவரவில்லை. முதலில் உணவு ஆலோசகரிடம் போய்க் கேட்டாள். பிறகு வீட்டில் மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்ப அவித்து, திரும்ப ஊற்றி, அதோடு வெள்ளைச் சோறு கொண்டுவந்தாள். இரண்டு முறை அவித்த போஞ்சிக்காய்க்குச் சுவை கிடையாது. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். என் பங்குத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சிறிய அச்சில் ஊற்றி வார்டின் குளிர்பெட்டியில் வைக்க அபிராமியிடம் கேட்டவளும் அவள்தான். ஒரு மிடறு தண்ணீர் ஒரு நொடி. ஒரு சிறிய ஐஸ்கட்டி நாவின் கீழே வெகுநேரம் இருக்கும்.

"நீர் வேலைக்குப் போகேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனனான். அந்த மண்டபத்திலை இருக்க ஏலாமல் கிடக்கு. குளிருது. மேலே பாத்தால் ஆரோ நடக்கிற சத்தம் கேக்குது."

பில்களும் வரத் தொடங்கியிருந்தன. முதலாவது அம்புலன்சுக்கு. சுகந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மச்சான்தான் சொன்னார். விபத்தா நோயா என்று காப்புறுதிக்காரர் கேட்கிறார்கள், நோய் என்றால் எங்கள் பங்கு கூடும் என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் கொலின். அதற்காகத்தான் அவர் என்னைப் பார்க்க வந்தார் என்று நினைக்கிறேன்.

கையில் ஒரு பழக்கூடை. மேலே வாழைப்பழச் சீப்பு, கீழே தோடம்பழம், இடுக்குகளில் உலர்ந்த அப்ரிகொட். அபிராமி அதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.

"எப்படி இருக்கிறாய், ரவி?"

"மூத்திரம் போகவில்லை."

கொலின் யன்னலைப் பார்த்தார். "ஆனால் நீ போய்? டரன் விழுந்திருந்தால் எனக்கு விளங்கும். நீ!"

"நான் லண்டன் கொலிண்டேலில் வளர்ந்தவன், கொலின். அங்கே வருடத்தில் பத்து மாதம் மழை."

"அது சரி. ஆனாலும் இரத்தத்தில் இருக்கும் அல்லவா?"

"என் இரத்தத்தை ஒவ்வொரு காலையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். உடைந்த தசை இருக்கிறது, கழிவு இருக்கிறது. யாழ்ப்பாணம் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, "அன்று நீ விரதம் ஏதாவது பிடித்தாயா? சும்மா கேட்கிறேன். காப்புறுதிக்காரர் கேட்கக்கூடும்," என்றார்.

அறையின் மூலையில் என் உடுப்பை மடித்துக்கொண்டிருந்த சுகந்தி திரும்பினாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அன்று அவள் ஆங்கிலத்தில் பேசவில்லை. சுத்தமான சுவிஸ் ஜெர்மனில் பேசினாள். என்ன சொன்னாள் என்பதைப் பின்னர் அவளிடமே கேட்டு எழுதுகிறேன். அன்று காலை நான் என்ன சாப்பிட்டேன் என்று சொன்னாள்: பாண், இரண்டு முட்டை, வாழைப்பழம். தெற்குப் பக்கத்தில் என்னை மட்டும் ஏன் நிறுத்தினீர் என்று கேட்டாள். வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் எத்தனை தரம் நிழலுக்கு அனுப்பினீர் என்று கேட்டாள். தான் பொருத்தும் சக்கரத்துக்கு உள்ள கவனிப்பு உமது தொழிலாளிக்கு இல்லையா என்று கேட்டாள். குரல் உயரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார்.

கொலின் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"நீங்கள் இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள்," என்றேன்.

அவர் எழும்பிப் போனார். பிறகு காப்புறுதிக்கு விபத்து என்று எழுதினார் என்று அறிந்தேன். வெட்கத்தாலா, டரன் சாட்சி சொல்வேன் என்று சொன்னதாலா, தெரியாது. நான் முதலாவதை நம்பவில்லை.

பைக்குள் பதில் ஒரு காலை நேரத்தில் வந்தது. அபிராமி அளவுச் சாடியில் ஊற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். நிறம் மாறியிருந்தது. பிளேன் ரீ இல்லை. தண்ணியாய்ப் போட்ட தேநீர்.

"அங்கிள், நேத்தையைவிட ரெண்டு மடங்கு."

"உண்மையோ?"

"நான் பொய் சொன்னாலும் சாடி சொல்லாது."

அடுத்த நாள் அதைவிடக் கூட. அதற்கடுத்த நாள் இன்னும் கூட. சுகந்தி வேலை இடைவேளையில் தொலைபேசி எடுத்து, சுகமா என்று கேட்க மாட்டாள். "எவ்வளவு?" என்பாள். சொல்வேன். அதை அவள் மச்சானுக்குச் சொல்வாள். மச்சான் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து கைகூப்பும் படங்கள் வரும். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்தத் தலைப்புக்கும் அவ்வளவு வாசகர் இருந்ததில்லை.

இரத்தத்தில் கழிவின் அளவு ஏறாமல் நின்றது, பிறகு இறங்கியது. இயந்திரத்தில் இணைப்பதை ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். அடுத்த முறையும் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் அந்த உயரமான வைத்தியர் வந்து, கழுத்துக் குழாயை உருவி, விரல்களால் வெகுநேரம் அமத்திப் பிடித்தார். அப்படிப் பிடித்தபடியே சொன்னார்: சிறுநீரகம் திரும்பிவிட்டது, முழுவதும் அல்ல, ஆனால் போதும். ஒருமுறை வெப்பத் தாக்கு வந்த உடல் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விழக்கூடும். கூரை இனி வேண்டாம்.

"ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கலாமா?"

"இப்போது நிறையக் குடிக்கச் சொல்கிறேன்."

அபிராமி தாதிமாரின் அறையில் மிச்சமிருந்த இளநீர்ப் பெட்டியைக் காட்டிச் சிரித்தாள். "இது இன்னும் இல்லை, அங்கிள்." தண்ணீர்தான் தந்தாள். குழாய்த் தண்ணீர். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஓகஸ்ட் முடியவில்லை. இரண்டாவது வெப்ப அலை வந்திருந்தது. படி ஏறினால் தொடைகள் நடுங்கும். யன்னல் மறைப்புகளைக் கீழே இறக்கிவிட்டு, அரை இருட்டில் சோபாவில் கிடப்பேன். டரன் மத்தியான இடைவேளைகளில் தொலைபேசி எடுப்பார். தொழிற்சாலைக் கூரை இன்னும் முடியவில்லை. அவர் வழக்கம்போலப் புறுபுறுப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் புறுபுறுப்பு இடையில் நின்றது.

"தெற்குப் பக்கத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார்."

"யார்?"

"டெஸ்ஃபாய். மான்செஸ்டரில் இருந்தவர், மனைவி பீல்காரி. பிறந்தது எரித்திரியா. கொலின் சொல்கிறார், ஆபிரிக்கா, அவருக்கு இது ஒன்றும் இல்லையாம்."

நான் சோபாவில் எழும்பி இருந்தேன். பிறகு, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

டரன் திரும்பவும் வெயிலை ஏசத் தொடங்கினார். என்னைத் தன் மடியில் வைத்துத் தண்ணீர் பிடித்த அதே டரன். அவர் மேல் எனக்கு நன்றி உண்டு. அந்த நேரம் அவர் மேல் எனக்கு வந்தது நன்றி இல்லை.

"அவரிடம் போனைக் கொடு."

காற்று இரைந்தது. யாரோ தார்ப்படலத்தின் மேல் நடந்துவரும் சத்தம். என்னைவிட வயதில் மூத்த ஒருவரின் நிதானமான குரல் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"எரித்திரியாவில் எந்த இடம்?" என்று கேட்டேன்.

"அஸ்மாரா."

"சூடான இடமா?"

அவர் சிரித்தார். "இல்லை, இல்லை. அது மலையின் மேல். பின்னேரமானால் சுவெட்டர் போடுவோம். மான்செஸ்டரும் குளிர். இந்த மாதிரிச் சூட்டை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை."

"கொலினிடம் சொன்னீர்களா?"

"அவர் கேட்கவில்லை. நீங்கள் இங்கே வருடக்கணக்காகச் செய்ததாகச் சொன்னார்கள். சரி, செய்யலாம் போல என்று நினைத்தேன்."

அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். கையைப் பாருங்கள், மயிர் குத்திட்டு நிற்கிறதா என்று கேட்டேன். "ஓ," என்றார், வியப்போடு. "குளிரும் மாதிரி இருக்கிறது."

"டெஸ்ஃபாய், நான் சொல்வதை அப்படியே சத்தமாகச் சொல்லுங்கள். கொலினுக்குக் கேட்க வேண்டும். நான் வெந்துகொண்டிருக்கிறேன். இது மனிதன் வேலை செய்யும் இடமா? நான் கீழே போகிறேன்."

"அப்படிச் சொல்லலாமா? நான் வந்தது போன கிழமைதான்."

"டரனைப்போலச் சொல்லுங்கள்."

போனை அவர் காதிலிருந்து எடுத்தது தெரிந்தது. முதலில் மெதுவாக. பிறகு கத்தினார், அந்த நிதானமான குரல் வடக்கு இங்கிலாந்தின் உச்சரிப்பில் கூரை முழுவதும் ஒலித்தது. டரனை அவர் நன்றாகக் கவனித்து வைத்திருக்கிறார். தூரத்தில் கொலினின் குரல் கேட்டது: "என்ன? நீயா? உனக்கா சுடுகிறது?"

இரும்பு ஏணியில் ஒரு சோடிச் சப்பாத்து கீழே இறங்கும் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு சோடி, உலகத்தில் உள்ள எல்லாரையும் ஏசியபடி. கீழே குழாயைத் திறந்து தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.